கம்பளிச் சட்டையில் ஒட்டிப் போன நீலப் பூ

1

வத்தளையில் இருக்கும் என் பள்ளித் தோழி ஒருத்தி போன கிழமை வாட்ஸ்அப்பில் நான் போட்ட படத்தைப் பார்த்துக் கேட்டிருந்தாள்: "உன்ர வாசலில நிக்கிற நீலப் பூ நல்ல வடிவு. விதை எங்க வாங்கினனி?"

"வாங்கேல்ல, தானா வந்தது" என்று பதில் போட்டேன். அது பொய்யில்லை. ஆனால் அனுப்பிய பிறகு யன்னலடியில் நின்று அந்தப் பூக்களைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மே மாதத்தோடு நான் ஜேர்மனிக்கு வந்து முப்பது வருடம் நிறைகிறது. இத்தனை காலத்தில் யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால், மனிதர்களோடு சேர்த்து இந்தப் பூவையும் நினைக்கத்தான் வேண்டும். அது ஏன் என்று வாட்ஸ்அப்பில் சொல்லி முடிக்க ஏலாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மேற்கு ஜேர்மனியில் ஒரு சிறு நகரம். கீழ்த்தளத்து வாடகை வீடு. வாசலில் நாலு பாய் விரிக்கிற அளவு மண். குடிவந்த முதல் வருடம், பனி கரைந்த கையோடு அந்த மண்ணில் பூனைக் காது மாதிரி மயிர் படிந்த சின்ன இலைகள் கிளம்பின. களை என்று நினைத்துக் குனிந்து பிடுங்கப் போனேன். பக்கத்து வீட்டு ஃப்ராவ் பிராண்ட் வேலிக்கு மேலால் இரண்டு கையையும் ஆட்டி, "வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்!" என்று கத்தினார். அவர் தபால் பகிர்கிற பெண்மணி, என் வயதுதான் இருக்கும். அவருடைய தோட்டத்திலிருந்துதான் விதை வேலிக்குக் கீழால் எங்கள் பக்கம் வந்திருந்தது.

பொறுத்தேன். மொட்டாக இருக்கும்போது ரோசா நிறம். விரிந்தால் நீலம், நடுவில் மஞ்சள் பொட்டு. ஒரு பூ மிளகளவுக்குக் கொஞ்சம் பெரிது. ஆனால் எல்லாம் சேர்ந்து பூத்தபோது வாசலில் யாரோ நீலச் சேலை காயப்போட்ட மாதிரி இருந்தது. பெயர் ஃபெர்கிஸ்மைன்னிஷ்ட் என்றார். 'என்னை மறந்துவிடாதே' என்று அர்த்தம்.

அடுத்த வருடம் பின்பக்கத்துக்கும் போடலாம் என்று ஒரு பூக்கன்றுக் கடைக்குப் போனேன். கடைக்காரரைக் கண்டதும் பெயரின் வால் வாய்க்குள்ளேயே விழுங்குப்பட்டுவிட்டது. "ஃபெர்கிஸ் மிஷ்" என்று கேட்டேன். அதற்கு 'என்னை மறந்துவிடு' என்று அர்த்தமாம். அவர் கையில் இருந்த சாடியை மேசையில் வைத்துவிட்டு, "அது கஷ்டம் அம்மணி, இனி மறக்க மாட்டேன்" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு வந்தது.

இதைவிடப் பெரிய சறுக்கல் ஒன்று முதல் வருட மொழி வகுப்பில் நடந்தது. "உங்கள் நாட்டில் உங்களுக்குத் தோட்டம் இருந்ததா?" என்று ரீச்சர் கேட்டா. "ஓம், தோட்டத்தில்தான் பிறந்து வளர்ந்தேன். நாற்பது குடும்பம் இருந்தது, ஒரே ஒரு பைப்" என்றேன். ரீச்சர் அப்படியே நின்றுவிட்டா. கொழும்பு கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். சுவரோடு சுவராக ஒட்டின வீடுகள், நடுவில் ஒரு ஆள் போகிற சிமெந்து ஒழுங்கை. மண் என்பதை நான் பள்ளிக்கூட மைதானத்தில்தான் பார்த்தேன். அப்படிப்பட்ட எனக்கு முப்பது வயதுக்கு மேல் ஒரு பிடி மண்ணைக் கொடுத்தது இந்த ஊர். அதை நான் மறப்பதில்லை.

2

எனக்கு ஒரே ஒரு அக்கா. பிலோமினா. அப்பா துறைமுகத்தில் கிளாக்காக இருந்தவர். அம்மா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே காலமாகிவிட்டா. அக்கா, நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில், ஒரு வழக்கறிஞர் கந்தோரில் ரைப்பிஸ்ட். கலியாணம் செய்யவில்லை. நான் ஜேர்மனிக்கு வந்து, அன்ரனைக் கட்டி, அகதி அந்தஸ்து கிடைத்து மூச்சு விட்ட காலத்தில் அங்கே அப்பாவைப் பார்த்துக்கொண்டது அவதான்.

அந்த அந்தஸ்தோடு எனக்கு ஒரு நீல நிறப் பயணப் புத்தகம் தந்தார்கள். எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும், இலங்கையைத் தவிர என்று அதில் எழுதியிருந்தது. வந்த புதிதில் அந்த வரி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

லேனா வயிற்றில் இருக்கும்போது அப்பா செத்துப்போனார். வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய் அழுதேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு எனக்குத் தண்ணீர் தந்தார். "போனால், உங்களுக்கு அங்கே ஆபத்தில்லை என்றுதானே எழுதவேண்டி வரும்? அந்தஸ்தே போய்விடும். குழந்தையை நினைத்துப் பாருங்கள்" என்றார். நான் போகவில்லை. மாதம்பிட்டியில் அப்பாவை அடக்கம் செய்தபோது அக்கா தனியாக நின்றா.

பிறகு பிரஜாவுரிமை கிடைத்தது. கொழும்புக்கும் போய் வந்தோம். கொட்டாஞ்சேனை வீட்டை விற்று அக்கா வெள்ளவத்தையில், கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் ஒரு சின்ன ஃபிளாட் எடுத்திருந்தா. நாங்கள் போனால் நண்டுக் கறி, புட்டு, கோழி என்று ஒரு குறையும் இருக்காது. ஆனால் அவ என்னோடு கதைத்த கதையெல்லாம் "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்பதோடு நின்றுவிடும்.

ஒருக்கால் கேட்டேன். "அக்கா, என்னில கோவமோ?"

"எனக்கென்ன கோவம்? சாப்பிடு."

அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு அழைப்பு, பிறந்தநாளுக்கு ஒரு அழைப்பு. வருடங்கள் அப்படியே போயின.

3

என் மகள் லேனா பன்னிரண்டு வயதுவரை என்னோடு தமிழ் கதைத்தாள். அது ஒருமாதிரியான தமிழ். பசித்தால் "நான் பசி வைத்திருக்கிறேன்" என்பாள். ஜேர்மன்காரர் அப்படித்தான் சொல்வார்கள். நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. பிறகு ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் வைத்து, "அம்மா, இங்கே என்னோடு ஜேர்மனில் கதையுங்கள்" என்றாள். கொஞ்ச நாளில் அது வீட்டுக்குள்ளும் வந்தது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜேர்மனில் பதில் சொல்வாள். அன்ரன், "விடும், பிள்ளை சந்தோசமா இருந்தாச் சரி" என்பார். எனக்கு மனம் கேட்காது. ஆனாலும் விட்டேன்.

அப்படிப்பட்டவள், பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னாள்: "பயிற்சிக்கு அரை வருடம் வெளிநாட்டில் இருக்கலாம். நான் கொழும்பைக் கேட்டேன். கிடைத்துவிட்டது. பெரியம்மா வீட்டில் தங்கலாம்தானே?"

அக்காவிடம் என்ன சொல்லி, எப்படிக் கேட்பது? அன்றைக்கு நத்தாரும் இல்லை, பிறந்தநாளும் இல்லை. அழைப்பை எடுத்த அக்கா முதலில் கேட்டது, "ஆர் செத்தது?"

விசயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டா. பிறகு, "அவள் உறைப்புத் தின்பாளோ?" என்றா.

4

லேனா புறப்படுகிற நேரம் வாசலில் பூ முடிந்துபோயிருந்தது. பூத்து முடிந்த செடி பார்க்க வடிவில்லை. இலையில் சாம்பல் பூத்து, தண்டு காய்ந்து நிற்கும். அதை வேரோடு பிடுங்கி, வெறும் மண்ணுக்கு மேல் உதறிவிட வேண்டும். கறுத்தப் பொடி விதை கொட்டும். அடுத்த வருடத்துக்கு அது போதும். புறப்படுவதற்கு முதல் நாள் லேனாவும் நானும் அந்த வேலையைச் செய்தோம். தூறல் என்பதால் அவள் தன் பழைய பச்சைக் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள். பெரியம்மாவுக்கு என்று கொஞ்ச விதையைக் கடதாசியில் மடித்துப் பையில் வைத்தாள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும், ஜேர்மனியில் வளர்ந்த பிள்ளை அல்லவா, நேரே போய் "என்னிடம் விதை இருக்கிறது" என்று தானே சொல்லியிருக்கிறாள். அங்கே இருந்த அதிகாரி பொதியைப் பிரித்துப் பார்த்து, அனுமதி இல்லாமல் விதை கொண்டுவரக் கூடாது என்று விளக்கி எடுத்து வைத்துக்கொண்டார். "நல்ல மனுசர், சொன்னதற்கு நன்றியும் சொன்னார்" என்று அவள் எனக்குச் சொன்னாள். கதை அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

இரண்டு நாள் கழித்து வீடியோவில் அக்காவின் முகம். முகம் என்ன முகம், மூக்கும் ஒரு கண்ணும்தான் தெரிந்தன.

"ஜெசி, உன்ர மகளின்ர சட்டையில என்னவோ பூச்சி ஒட்டியிருக்கு. தெள்ளோ பேனோ தெரியேல்ல. நான் வாளிக்குள்ள போடாமல் வெளியில வைச்சிருக்கிறன்."

பின்னால் லேனா சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தப் பூவின் காய்ந்த புல்லியில் கொக்கி மாதிரி நுண்ணிய மயிர் இருக்கும். ஆட்டின் மயிரோ ஆளின் சட்டையோ, பட்டதைப் பிடித்துக்கொள்ளும். விமானத்தில் குளிரும் என்று அவள் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். முழங்கையிலும் விளிம்பிலும் ஒட்டியபடி அவை, உள்ளே விதையோடு, வெள்ளவத்தை வரைக்கும் போய்விட்டன.

அக்காவின் பல்கணியில் கறிவேப்பிலை, றம்பை, கற்றாழை எல்லாம் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு சாடி புதிதாக வந்தது. "மெல்லிசா மண் மூடுங்கோ, வெளிச்சம் படக்கூடாது, ஈரம் காயக்கூடாது" என்று நான் சொல்ல, அக்கா புதுக்கடையில் வாக்குமூலம் பதிகிற மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தினா. முளை வந்த நாள் என்னை வேலையிடத்தில் கூப்பிட்டு, "வந்திட்டுது!" என்றா. அக்காவின் அந்தக் குரலை நான் கொட்டாஞ்சேனையை விட்ட பிறகு கேட்டதே இல்லை.

அதன் பிறகு அழைப்புக்குக் காரணம் தேடவேண்டியிருக்கவில்லை. இலை சுருளுது, பார். கடல் காத்து ஒத்துவரேல்ல, உள்ளுக்கு வைச்சிருக்கிறன். சித்திரை வெக்கையிலும் தனக்கென்று ஏசி போடாத மனுசி, இந்தக் கன்றுகளுக்காக மத்தியானத்தில் ஏசி போட்டா. இந்தப் பூவுக்கு ஒரு குளிர்காலம் வேண்டும், அங்கே பூப்பது கஷ்டம் என்று நான் சொன்னேன்.

"பூக்காட்டி என்ன? இலை இருக்குதுதானே" என்றா.

5

நவம்பர் மழைக்குள் அந்த அழைப்பு வந்தது. நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் மதியச் சாப்பாட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"ஜெசி, பயப்படாத. பிள்ளைக்குக் காய்ச்சல். டெங்கு எண்டு சொல்லினம். வார்ட்டில விட்டிருக்கு. பிளேட்லெட் இறங்குது. நான் பக்கத்திலதான் இருக்கிறன்."

நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சமையலறைப் பொறுப்பாளர் ஒரு பெரிய உடம்புக்காரர், வழமையில் யாரோடும் சிரிக்காத மனிதர். என்னைப் பார்த்துவிட்டு ஏப்ரனைத் தானே அவிழ்த்து எடுத்தார். "போ. உன் வேலையை நான் பார்க்கிறேன். வந்தபிறகு கதைப்போம்." அன்ரனுக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்த முதல் விமானத்தில் நான் மட்டும் ஏறினேன். கையில் இருந்தது சிவப்பு ஜேர்மன் கடவுச்சீட்டு. இந்த முறை என்னை மறிக்க ஒரு வரியும் இல்லை. அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு போனேன்.

வார்ட்டுக்குள் நுழைந்தபோது லேனா கண் மூடிக் கிடந்தாள். கையில் சேலைன். பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் அக்கா, மடியில் ஃபிளாஸ்க், தலை இழுக்காமல் கலைந்து, கண் சிவந்து. நிமிர்ந்து என்னைப் பார்த்தா.

"வந்திட்டாய்" என்றா.

அவ்வளவுதான். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தா. பிடித்த கையை விடாமல் அழுதா. அப்பாவின் சாவீட்டுக்கு வந்தவர்கள், அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

அன்று பின்னேரம் டாக்டர் வந்து, இறக்கம் நின்றுவிட்டது, இனி ஏறும் என்றார். நாங்கள் இருவரும் வெளியே வந்து, கன்ரீன் வாங்குப் பலகையில் ஆளுக்கொரு பிளேன்ரீயோடு இருந்தோம்.

"பெத்தவள் நீ அங்க இருக்க, பிள்ளைக்கு ஏதும் நடந்தா நான் உனக்கு என்ன சொல்லுவன் எண்டு நினைச்சு நினைச்சு ராவெல்லாம் செபமாலை சொன்னன்" என்றா அக்கா.

"நீங்கள் இருந்தபடியாத்தான் அக்கா அவள் தப்பினவள்."

அக்கா கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தா. "அப்பாவை அடக்கின அண்டு எல்லாரும் போயிட்டினம். நான் கதவைப் பூட்டிப்போட்டு உன்ர கட்டிலில இருந்தன். உன்னால வரேலாது எண்டு எனக்கு வடிவாத் தெரியும். சட்டம் எனக்குத் தெரியாதோ? புதுக்கடையிலதானே வேலை செய்தனான். தெரிஞ்சும் மனம் கேக்கேல்ல, ஜெசி. உன்னில கோவிக்கவும் ஏலாது, கோவிக்காம இருக்கவும் ஏலாது. அதுதான் கதைக்காம விட்டன்."

அவவின் தோளில் சாய்ந்தேன். அக்கா என்னைத் தள்ளவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது.

வீட்டுக்குப் போனபோது பல்கணி வெறுமையாக இருந்தது. கறிவேப்பிலை, றம்பை, உள்ளுக்கு வைத்திருந்த எங்கள் நீலப் பூக் கன்றுகள், ஒன்றும் இல்லை. தரையில் சாடிகள் இருந்த வட்டங்கள் மட்டும். டெங்கு என்று தெரிந்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்திருக்கிறார். சாடித் தட்டுகளில் புழு ஒன்றும் இல்லை, நுளம்பு எங்கேயிருந்தும் வந்திருக்கலாம், தேங்குகிற தண்ணீரை மட்டும் ஒவ்வொரு நாளும் வெளியே ஊற்றிவிடுங்கள் என்று சொல்லிப் போயிருக்கிறார். அவர் போனதும் அக்கா எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் கீழே இறக்கிவிட்டா.

"அவர் பிழையில்லை எண்டுதான் சொன்னவர். ஆனா எனக்கு அதுகளைப் பாக்கேலாமப் போயிட்டுது" என்றா.

வார்ட்டிலிருந்து வந்த லேனா, நிற்க ஏலாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, பல்கணியைப் பார்த்து விம்மினாள். "பெரியம்மா, அது என்ர செடி!"

"செடி முளைக்கும். நீ முளைப்பியோ? போய்ப் படு."

அவள் மறுபேச்சில்லாமல் போய்ப் படுத்தாள். நான் இருபத்துமூன்று வருடம் வளர்த்த பிள்ளை, என் சொல்லை ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. எனக்குப் பொறாமை வரவில்லை. என் பிள்ளையை அதட்டுவதற்கு இந்த உலகத்தில் இன்னொரு ஆள் இருக்கிறாவே என்று நிம்மதியாக இருந்தது.

6

லேனா தன் காலத்தை முடித்துக்கொண்டு பெப்ரவரியில் திரும்பி வந்தாள். அக்காவை இங்கே கூப்பிடுவது என்று அதற்குள் முடிவாகிவிட்டது. முதல் முறை விசா மறுத்துவிட்டார்கள். புருசன் இல்லை, பிள்ளை இல்லை, வேலையும் ஓய்வு. திரும்பிப் போவாரென்று எப்படி நம்புவது என்பது அவர்களின் கேள்வி. இரண்டாம் முறை நேரில் கேட்டபோது அக்கா சொன்ன பதில் இது: "ஐயா, என்ர வீட்டு யன்னலைத் திறந்தாக் கடல். அங்க போய் எவ்வளவு நாளைக்குக் குளிருக்குள்ள இருக்கிறது? தங்கச்சியைப் பாத்திட்டு வந்திடுவன்." அதற்காகத்தான் கொடுத்தார்களா, நாங்கள் அனுப்பிய கட்டுக் கடதாசிக்காகக் கொடுத்தார்களா தெரியாது. கொடுத்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

மே மாதத்தின் ஒரு சனிக்கிழமை அக்கா எங்கள் வாசலில் வந்து இறங்கினா. அன்ரனின் தடித்த குளிரங்கிக்குள் ஆள் பாதிதான் தெரிந்தது. வாசல் முழுக்க நீலம். அக்கா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தா.

"இதுக்கோடி இவ்வளவு பாடு? களை மாதிரியெல்லோ கிடக்கு."

வேலிக்கு அந்தப் பக்கத்தில் ஃப்ராவ் பிராண்ட் நின்றார். அக்கா சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்கள் தங்கையும் முதல் வருடம் களை என்றுதான் பிடுங்கப் பார்த்தார்" என்றார். மறுநாள் காலையில் நான் எழும்பி வந்தபோது, அக்கா குந்தியிருந்து உண்மையான களைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தா. நீலப் பூவின் ஒரு இலைகூடக் கசங்கவில்லை.

அன்று பின்னேரம் லேனா படிக்கிற ஊரிலிருந்து ரயிலில் வந்தாள். "பெரியம்மா!" என்று படலையிலிருந்தே கத்திக்கொண்டு வந்து கட்டிப்பிடித்தாள். இருவரும் வாசற்படியில் இருந்துவிட்டார்கள். வெள்ளவத்தைச் சந்தையில் மீன் விற்கிற மனுசன் எப்படி இருக்கிறார், கீழ்மாடி முஸ்லிம் வீட்டுப் பிள்ளையின் கலியாணம் எப்படி நடந்தது, காலி வீதி பஸ்ஸில் அந்தக் கொண்டக்டர் இன்னும் நிற்கிறாரா என்று கதை போய்க்கொண்டே இருந்தது. நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன். மகள் கதைத்தது கொழும்புத் தமிழ். இடைக்கிடை 'அய்யே' வந்தது, 'சரி சரி' என்பதற்குச் சிங்களத்தில் 'ஹரி ஹரி' வந்தது. 'பசி வைத்திருக்கிற' பிள்ளை எங்கே போனாள் என்று தெரியவில்லை.

பிறகு அக்கா அந்த மீன்காரர் சொன்ன எதையோ அவருடைய குரலிலேயே சிங்களத்தில் சொன்னா. லேனா அதற்குச் சிங்களத்திலேயே ஒரு பதில் சொன்னாள். இருவரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். நானும் கொழும்பில் பிறந்தவள்தான். கடைக்கும் கந்தோருக்கும் சிங்களம் கதைத்துத் திரிந்தவள்தான். முப்பது வருடத்தில் அது எங்கேயோ கழன்று போய்விட்டது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

"என்ன சொன்னனீங்கள்? எனக்கும் சொல்லுங்கோவன்" என்றேன்.

லேனா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, அவவின் கையில் தட்டினாள்.

"பாவம், அம்மாக்கு விளங்கேல்ல, பெரியம்மா. நாங்கள் தமிழிலயே கதைப்பம்."